ஹீமோபீலியா: வைத்தியம் பலிக்கிறதா? நீங்களே அளந்து பாருங்கள்!

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறோம். சர்க்கரை என்றால் ரத்தப் பரிசோதனை. பிரஷர் என்றால் கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்கள். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை ஓர் எண் சொல்லிவிடுகிறது.

ஹீமோபீலியா உள்ளவருக்கு வைத்தியம் சரியாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

"மாசத்துக்கு எத்தனை தடவை வீங்குது?" என்று டாக்டர் கேட்பார். நல்ல கேள்விதான். வருடத்துக்கு எத்தனை முறை ரத்தக்கசிவு என்று கணக்கு வைப்பது உலகமெங்கும் இருக்கிற பழக்கம். ஆனால் அந்த எண் மட்டும் போதுமா?

ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக அவனுக்கு ஒரு கசிவுகூட இல்லை. கணக்கில் பூஜ்யம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஏன் கசியவில்லை தெரியுமா? அவன் வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை! பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. தெருப் பிள்ளைகள் விளையாடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதை வைத்தியத்தின் வெற்றி என்று சொல்ல முடியுமா?

முடியாது. அதனால்தான் இன்றைக்கு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: "இந்த வைத்தியத்தால் நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்? அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்?" இதை எண்ணாக அளக்கவும் வழி இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம்

ரத்தம் உறைவதற்கு உடம்பில் பல புரதங்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. அதில் 8-ஆம் ஃபாக்டர் குறைந்தால் ஹீமோபீலியா 'ஏ'. 9-ஆம் ஃபாக்டர் குறைந்தால் ஹீமோபீலியா 'பி'. ஃபாக்டர் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே என்றால் நோய் கடுமையானது. 1 முதல் 5 வரை நடுத்தரம். 5-க்கு மேல் 40 வரை லேசானது.

ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்கள் நிறைய. "ரோஜா முள்ளு குத்தினாக்கூட ரத்தம் நிக்காதாமே?" என்று பயப்படுகிறார்கள். சின்னக் கீறல் பெரும்பாலும் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். இவர்களுக்கு ரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டுவதில்லை, நிற்கத்தான் நேரமாகிறது. உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கசிவது. முக்கியமாக முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளில். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் உள்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரித்து, மூட்டு மடங்காமல் நின்றுவிடும். இருபது வயதில் எழுபது வயது முழங்கால்!

இது பரம்பரையில் வரும் நோய். குறை தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருகிறது. "உங்க வீட்டு வழியா வந்த சீக்கு" என்று மருமகளைக் குத்திக் காட்டுகிற வீடுகள் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் இதற்கு முன்பு யாருக்குமே இருந்ததில்லை. புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. குறையைச் சுமக்கிற பெண்களில் சிலருக்கும் ஃபாக்டர் குறைவாக இருந்து மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு வரும். அவர்களுக்கும் பரிசோதனை தேவை.

"உங்க வைத்தியத்துல மருந்து இல்லையா?"

சித்த மருத்துவன் நான் ஏன் இதை எழுதுகிறேன்? மூட்டு வீங்கினால் சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பக்கத்து ஜனங்களில் பலர் முதலில் தேடுவது எண்ணெய் தேய்க்கிறவரையும், கட்டுப் போடுகிறவரையும்தான். "ஊசி ஊசியா போட்டு அலுத்துப் போச்சு டாக்டர். சூரணம், லேகியம்னு ஏதாவது குடுங்களேன்" என்று கேட்கிறவர்களும் உண்டு.

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். இல்லாத ஃபாக்டரை உடம்பில் உண்டாக்கும் சூரணமோ, பஸ்பமோ, கஷாயமோ கிடையாது. "ஃபாக்டரை நிறுத்திடுங்க, நான் குணப்படுத்தறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அவர் என் துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும்!

வீங்கிய மூட்டில் இவையெல்லாம் கூடவே கூடாது:

• எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல், தொக்கணம், வர்ம அழுத்தம்
• சூடான ஒத்தடம், சூடு போடுதல், அட்டை விடுதல்
• மடங்காத காலை இழுத்து மடக்கி இறுக்கிக் கட்டுதல்

கசிவு ஆரம்பித்தால் முதல் வேலை ஃபாக்டர். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மூட்டை அசைக்காமல், கொஞ்சம் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். ஆஸ்பிரின் கூடாது. மற்ற வலி மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். சதையில் போடும் ஊசி, பல் பிடுங்குதல், காது குத்துதல், சுன்னத்து எதுவானாலும் முன்கூட்டியே ரத்தவியல் டாக்டரிடம் சொல்லுங்கள். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பூண்டு மாத்திரை போன்ற சில பொருள்கள் ரத்தம் உறைவதை மேலும் தாமதப்படுத்தும்.

தலையில் அடி, விடாத தலைவலியோடு வாந்தி, தொண்டை அல்லது கழுத்தில் வீக்கம், அடிவயிற்றிலோ தொடை இடுக்கிலோ வலி வந்து காலை நீட்ட முடியாமல் போவது - இவை அவசரம். நோட்டு, கணக்கு எல்லாம் அப்புறம். உடனே ஓடுங்கள்.

வேலூர் தந்த அளவுகோல்

சரி, அளப்பது எப்படி? முன்பெல்லாம் எக்ஸ்-ரே பார்ப்பார்கள். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்ப்பார்கள். அதெல்லாம் மூட்டைப் பற்றிச் சொல்லும். அந்த மூட்டை வைத்துக்கொண்டு மனிதர் எப்படி வாழ்கிறார் என்று சொல்லாது. ஒரே மாதிரி எக்ஸ்-ரே உள்ள இரண்டு பேரில் ஒருவர் வேலைக்குப் போவார், இன்னொருவர் படுத்திருப்பார்.

இதை யோசித்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள்தான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் எலும்பு மூட்டு மருத்துவர் பிரதீப் பூன்னூஸ், ரத்தவியல் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோரைக் கொண்ட குழு 2005-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. நோயாளி பிறர் உதவியில்லாமல் அன்றாட வேலைகளை எவ்வளவு செய்கிறார் என்று பார்க்கும் அளவுகோல் அது. பிறகு திருத்தி அமைத்ததில் 8 வேலைகள் இருக்கின்றன: சாப்பிடுவதும் தலைவாருவது போன்றவையும் சேர்த்து ஒன்று, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குந்தி உட்காருவது, நடப்பது, படி ஏறுவது, ஓடுவது.

ஒவ்வொன்றையும் "முடியுமா?" என்று வாயால் கேட்பதோடு விடுவதில்லை. செய்து காட்டச் சொல்கிறார்கள். சுத்தமாக முடியவில்லை என்றால் 1. யாராவது கொஞ்சம் கைகொடுத்தால் முடியும் என்றால் 2. தனியாகச் செய்கிறார், ஆனால் சிரமம் தெரிகிறது என்றால் 3. மற்றவர்களைப் போலவே செய்தால் 4. ஆக மொத்தம் 8-லிருந்து 32 வரை.

இதில் 'குந்தி உட்காருவது' இருக்கிறது, கவனித்தீர்களா? இந்தியக் கழிப்பறையில் குந்த வேண்டும். கோலம் போட, களை எடுக்க, அடுப்பு மூட்டக் குந்த வேண்டும். நாற்காலியிலேயே வாழ்கிற நாட்டுக்காரர் பட்டியல் போட்டால் இது அவர் நினைவுக்கு வராமல் போகலாம். நம் வாழ்க்கையை அளக்க நம் வாழ்க்கையிலிருந்துதான் அளவுகோல் எடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி: உங்கள் சொந்த இலக்கு

வேலூர் அளவுகோலில் எல்லோருக்கும் அதே எட்டு வேலைகள். ஆனால் ஆசைகள் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும். ஒருவருக்குத் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டும். இன்னொருவருக்கு ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைப்படியை ஒருமுறையாவது ஏற வேண்டும். இவற்றை எப்படி அளப்பது?

1968-இல் அமெரிக்காவில் தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் என்ற இருவர் ஒரு முறை சொன்னார்கள். மனநல மருத்துவத்துக்காக யோசித்தது அது. வைத்தியம் தொடங்கும் முன்பே நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து இலக்கை முடிவு செய்வது. அதை ஐந்து படியாக எழுதுவது. குறித்த நாளில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்ப்பது. அவ்வளவுதான்! பிறகு முதியோர் நலம், பிசியோதெரபி என்று பல துறைகளுக்கும் இது பரவியது. ஹீமோபீலியாவுக்கென்றே தனியாகவும் இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் 'மொழி'யும் ஒன்று. நோயாளியின் குரலைக் கவனிப்பது. குரலைக் கவனிக்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும் அல்லவா? எந்த வைத்தியமானாலும் அது பொருந்தும்.

ஐந்து படி எழுதுவது எப்படி?

நடுப்படி பூஜ்யம். "மூன்று மாதத்தில் நியாயமாக இவ்வளவு எதிர்பார்க்கலாம்" என்பது அது. அதற்கு மேல் இரண்டு படி, கீழே இரண்டு படி. இன்றைய நிலையை −1-இல் வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை மோசமானால் குறிப்பதற்கும் −2 என்று ஓர் இடம் வேண்டுமே!

உதாரணத்துக்கு, சிப்காட்டில் வேலை பார்க்கும் 28 வயதுக்காரர் ஒருவர். வலது கணுக்கால் அடிக்கடி வீங்குகிறது. மாதம் நாலைந்து நாள் லீவு. சூப்பர்வைசர் முகம் சுளிக்கிறார். அவருடைய இலக்கு: "லீவு போடாம வேலைக்குப் போகணும்."

−2: மாதம் 6 நாளுக்கு மேல் லீவு
−1: 4 அல்லது 5 நாள் (இன்றைய நிலை)
0: 2 அல்லது 3 நாள்
+1: ஒரே ஒரு நாள்
+2: கணுக்காலுக்காக லீவே இல்லை

இன்னொரு உதாரணம், ஏழாம் வகுப்புப் பையன். இடது முழங்கால். பி.டி. பீரியடில் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறான். அவன் இலக்கு: "நானும் பேட்டிங் பண்ணணும்."

−2: பி.டி. பீரியடுக்கு மைதானத்துக்கே போவதில்லை
−1: ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறான் (இன்றைய நிலை)
0: டென்னிஸ் பந்தில் வாரம் 2 நாள், 15 நிமிடம், மறுநாள் வீக்கம் இல்லை
+1: வாரம் 2 நாள், அரை மணி நேரம், மறுநாள் வீக்கம் இல்லை
+2: பி.டி. பீரியடு முழுக்க, மறுநாள் வீக்கம் இல்லை

"மறுநாள் வீக்கம் இல்லை" என்ற வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். மூட்டைப் பலி கொடுத்து அடையும் இலக்கு இலக்கே அல்ல. இந்தப் பையனுக்கு ஒழுங்காகத் தடுப்பு மருந்து போக வேண்டும், டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பேட். கபடி, குத்துச்சண்டை போன்றவை வேண்டாம். நீச்சல் ரொம்ப நல்லது.

எழுதும்போது கவனியுங்கள்

1. நோயாளியின் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். "மூட்டு இயக்கம் மேம்பட வேண்டும்" என்று யாரும் ஆசைப்படுவதில்லை. "கீழே சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிடணும்" என்றுதான் ஆசைப்படுவார்கள்.

2. எண்ண முடிகிறதாக இருக்கட்டும். நாள், நிமிடம், படி, தடவை. "கொஞ்சம் பரவாயில்லை" என்பது அளவு ஆகாது.

3. மூன்று இலக்கு போதும். பத்து எழுதினால் பத்தும் நடக்காது.

4. பூஜ்யத்தை டாக்டரிடம் கேட்டு வையுங்கள். சுலபமாக வைத்தால் எல்லோருக்கும் +2 வரும், பிரயோஜனம் இல்லை. எட்டாத உயரத்தில் வைத்தால் மனசு விட்டுப்போகும். பல வருடமாகக் கெட்டுப்போன மூட்டு மருந்தால் மட்டும் பழையபடி ஆகாது. அப்படிப்பட்ட மூட்டுக்கு 'வலியில்லாமல் தூங்குவது'கூட நல்ல இலக்குதான்.

5. பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பூஜ்யம் உங்களுக்கு மட்டும்தான்.

6. அதே நோட்டில் கசிவு வந்த தேதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட் ஃபாக்டர், எத்தனை மணி நேரம் கழித்துப் போட்டது என்பதையும் எழுதுங்கள். இரண்டு கணக்கும் சேர்ந்தால்தான் முழு உண்மை தெரியும்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறீர்கள். இன்னும் −1-லேயே நிற்கிறதா? இப்போதுதான் நோட்டுக்கு வேலை! காரணம் தேட வேண்டும். தடுப்பு மருந்தின் அளவு போதவில்லையா? தேதி தவறிப் போகிறதா? பிசியோதெரபி விட்டுப் போயிற்றா? ஃபாக்டர் போட்டும் வீக்கம் வழக்கம்போல அடங்கவில்லை என்றால் 'இன்ஹிபிட்டர்' என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் உண்டாகியிருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்வார்கள். கடுமையான ஹீமோபீலியா 'ஏ' உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்வரை இது வரலாம். "சரியா இல்லை டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "மூணு மாசத்துல ஒரு படிகூட ஏறலை" என்று நோட்டை நீட்டினால் டாக்டருக்கும் வழி தெரியும்.

அம்மாவின் இலக்கு, பிள்ளையின் இலக்கு

இதை ஆரம்பித்ததும் வீட்டில் ஒரு சண்டை வரும். வரட்டும்!

"என்னடா ஆசை உனக்கு?" என்று கேட்டால் பையன் "விளையாடணும்" என்பான். அம்மா "விழாம இருந்தாப் போதும்" என்பார். இரண்டும் நியாயம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு வீங்கின காலோடு அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்ற அம்மாவின் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நோட்டில் அம்மாவின் பயத்தை மட்டும் எழுதினால் பையன் அதைத் தொடவே மாட்டான். பிசியோதெரபிப் பயிற்சியும் செய்ய மாட்டான். அவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஆகவே பையன் இலக்கு ஒன்று, பெற்றோர் இலக்கு ஒன்று, டாக்டர் இலக்கு ஒன்று என்று எழுதுங்கள். முதல் இடம் பையனுக்கு. "பேட்டிங் பண்ணணும்னா தொடை பலமாகணும், தொடை பலமாகணும்னா தினமும் பயிற்சி" என்று சொன்னால் கேட்பான். அம்மா விரும்பிய பாதுகாப்பும் அதிலேயே வந்துவிடுகிறது. தொடைத் தசை பலமாக இருந்தால் முழங்காலுக்கு அது கவசம்.

அம்மாவுக்கும் சொந்த இலக்கு ஒன்று இருக்கட்டும். "வாரத்துல ஒரு நாளாவது கவலையில்லாம தூங்கணும்" என்று எழுதினாலும் தப்பில்லை.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு

நம் ஊர் எப்படி? வீடு ஓசூரில், வேலை அத்திப்பள்ளி தாண்டி. சிப்காட்டில் பக்கத்து மெஷினில் நிற்பவர் மதுரைக்காரராக இருப்பார். அவருடைய பழைய ரிப்போர்ட் எல்லாம் ஊரிலேயே இருக்கும். ஒரு தடவை வீங்கினால் கிருஷ்ணகிரி, இன்னொரு தடவை பெங்களூர், பெரிய பரிசோதனைக்கு வேலூர். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நோட்டு கைகொடுக்கும். முதல் பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள்: ஹீமோபீலியா 'ஏ'யா, 'பி'யா, ஃபாக்டர் எத்தனை சதவீதம், இன்ஹிபிட்டர் உண்டா, ரத்த வகை, எடை, பார்க்கும் டாக்டர். இந்தப் பக்கத்தை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். எண்கள் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழியாக ஃபாக்டர் இலவசமாகத் தரப்படுகிறது. நம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அடுத்து தர்மபுரி. வீக்கம் வந்த பிறகு அலையாமல், இப்போதே போய்ப் பதிவு செய்து, எங்கே எந்த நேரத்தில் ஃபாக்டர் இருப்பு இருக்கும் என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் பெங்களூரிலும் ஓர் இடத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபீலியாவும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

புது மருந்துகள் வந்தாச்சு, கேள்வி மாறவில்லை

கசிந்த பிறகு ஃபாக்டர் போடுவது பழைய வழி. கசியாமலிருக்க ஒழுங்காகத் தடுப்பு மருந்து போடுவதுதான் கடுமையான நோய்க்குச் சரியான முறை என்று உலக ஹீமோபீலியா கூட்டமைப்பின் 2020-ஆம் வருட வழிகாட்டி சொல்கிறது. அந்த வழிகாட்டியைத் தயாரித்த குழுவில் முதல் பெயர் வேலூர் அலோக் ஸ்ரீவஸ்தவாவுடையது. ஹீமோபீலியா 'ஏ'வுக்கு 'எமிசிஸுமாப்' என்ற தோலடி ஊசி வந்திருக்கிறது. வாரம் ஒருமுறையோ, இரண்டு அல்லது நாலு வாரத்துக்கு ஒருமுறையோ போடலாம். வேலூரில் 5 பேருக்கு மரபணு சிகிச்சை செய்து பார்த்ததில், கவனித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் செய்தி வெளியானது. அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டம்தான்.

மருந்து எவ்வளவு புதிதானாலும் அதன் பலனைத் தெரிந்துகொள்ள இந்த நோட்டு உதவும். கசிவு நின்றால் மட்டும் போதுமா? பையன் பள்ளிக்கூடம் போகிறானா, அப்பா ஷிஃப்ட் முடிக்கிறாரா, அண்ணன் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாரா? இதையும் பாருங்கள்.

ஏப்ரல் 17 உலக ஹீமோபீலியா தினம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேளுங்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள். தேதி போடுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஃபைலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.